தெற்கே திறந்திருந்த கடல்

நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் நேற்றுக் காலை ஒரு படம் வந்தது. எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்த்ததோடு நிற்காமல் இதயமும் கண்ணீரும் போட்டிருக்கிறீர்கள். அம்மன் கோயில் வாசலில் ஒரு பெஞ்சு, அதன் மேல் ஒரு பழைய கம்ப்யூட்டர், திரைக்குச் சாமந்தி மாலை, கண்ணாடியின் நடுவில் குங்குமப் பொட்டு. சுற்றிலும் அரைக்கால் சட்டையிலும் பாவாடையிலுமாக நாம். போட்டவன் பழைய தலைவரின் மகன். இப்போது அவனே குப்பத்துக்குத் தலைவர். "நம்ம ஊரு மொத கம்ப்யூட்டரு. அந்த நாள் திரும்ப வருமா?" என்று கீழே எழுதியிருக்கிறான்.

நான் இதயம் போடவில்லை. இட்லித் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அனுப்பம்பட்டில் என் வீட்டுக்குப் பின்னால் ரயில் போகும். ஒரு வண்டி முழுக்கப் போய் முடிகிறவரை நின்றேன். நமக்கெல்லாம் வெள்ளெழுத்து வந்துவிட்டது, முட்டி தேய்ந்துவிட்டது, சிலருக்குப் பேரன் பேத்தியும் வந்தாயிற்று. இந்த வயதில் பழசை நினைத்து உருகுவது எல்லோருக்கும் வருகிற வியாதிதான், உருகுங்கள். ஆனால் அந்த வருஷத்தை நினைத்து உருகாதீர்கள். அந்த வருஷம் நாறியது.

நாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன். அந்தக் கோடையில் ஏரியின் முகத்துவாரம் அடைபட்டுப் போனது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் கிடக்கிற மணல் மேட்டில் எப்போதும் ஒரு வாய் இருக்கும். அதன் வழியாகக் கடல் உள்ளே வரும், எறாக் குஞ்சும் வரும். அந்த வருஷம் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருந்தது. வாய் மூடிக்கொண்டது. ஏரித் தண்ணீர் முதலில் வற்றியது, பிறகு பச்சையானது, அப்புறம் கொழகொழவென்று ஆனது. மடவையும் கெளுத்தியும் வயிறு வெளுத்து மிதந்தன. நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். சோற்றில் ஈ விழாத வேளை கிடையாது. துணியைத் துவைத்தாலும் அந்த வாடை போகாது, தலைமயிரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

உங்களில் பலர் வீட்டுக்கு அது நாற்றம் மட்டும்தான். உங்கள் அப்பாக்கள் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் வரிசைக்கு ஏரியை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. குப்பத்துக்குத் தெற்கே, கொஞ்சம் தள்ளி, மணலில் இருந்த எங்கள் குடிசைகளை நீங்கள் மறந்திருக்கலாம். வலையும் படகும் இல்லாத சனம் நாங்கள். என் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி எறா பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. இரண்டு கையும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வாள். அம்மாவின் முன்பற்கள் தேய்ந்து சாய்ந்திருந்தது அதனால்தான். அந்தக் கோடையில் பச்சைத் தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கையெல்லாம் கொப்புளம். அது உடைந்து வடியும். அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து போட்டாள், நானும் சாப்பிட்டேன்.

இப்போது நீங்கள் உருகுகிற கம்ப்யூட்டருக்கு வருகிறேன்.

சென்னையில் ஏதோ ஆபீஸில் வேலை பார்த்த அண்ணன் ஒருவர், அங்கே கழித்துக்கட்டியதை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு வைத்தார். நாம் அவரைக் கம்ப்யூட்டர் அண்ணன் என்றோம். கொட்டகைக்குள் வெயில் வெந்தது. ஸ்டூலிலிருந்து யாராவது எழுந்துபோனால் அவர் வேர்வை நம் பாவாடையில் ஒட்டும். ஏரி வாடையை மறைக்க அண்ணன் ஊதுவத்தி கொளுத்துவார். இரண்டும் கலந்து இன்னொரு வாடை வரும். காசு உள்ளவன் காசு கொடுத்து ஆடினான். நான் ஒரு கை எறா கொடுத்து ஆடினேன். அண்ணன் அதை இலையில் மடித்து வைத்துக்கொள்வார்.

இருந்தது ஒரே ஒரு விளையாட்டு. அதில் சுடவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். திரையில் உலகப் படம் இருக்கும், ஒரு வெள்ளைக் கை இருக்கும். நிலமெல்லாம் தானாகவே மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி, கையால் நிலத்தை அப்படியும் இப்படியும் தள்ளிவிடலாம். மேலே ஒரு மூலையில் வருஷம் கோடி கோடியாக ஓடும். பையன்களுக்கு இரண்டு கண்டத்தை மோதவிட்டு மலை எழுப்புவதில்தான் ஆசை. மலை எழும்பும்போது டமார் என்று சத்தம் வரும், அதற்குக் கைதட்டுவீர்கள்.

"இது சும்மா விளையாட்டு இல்ல. நெசமாலுமே நெலம் நவுந்துனுதான் கீது" என்றார் அண்ணன். "நகம் வளர்ற வேகத்துல."

நான் சுட்டுவிரல் நகத்தைப் பார்த்தேன். அதற்குள் ஏரிச் சேறு கறுப்பாக இருந்தது.

கடைசிக் கட்டம் வரை போனது நான் ஒருத்திதான். அங்கே போனால் உலகமே அடையாளம் தெரியாது. இந்தியா வடக்கே ஏறி ஏறி இமயமலையை இன்னும் நெட்டித் தள்ளியிருக்கும். இலங்கை நம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆப்பிரிக்கா ஒரு பக்கம், ஆஸ்திரேலியா ஒரு பக்கம் என்று எல்லாம் நெருங்கி வளைந்து, நம் கடலை நடுவில் வைத்துச் சூழ்ந்துவிடும். அவ்வளவு பெரிய கடல் ஒரு ஏரியாகிவிடும்! கரையில் காலால் நடக்கிற மீன்கள் திரியும், வீட்டளவு நத்தைகள் ஊரும். மனிதர் யாரும் இருக்க மாட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது, ஒளிப்பானேன்?

ஆனால் நிலம் முழுக்க மூடிக்கொண்டால் தோற்றோம். கடல் பச்சையாகும், கொப்புளம் விடும், நடக்கிற மீன்கள் மல்லாந்து போகும். எல்லாப் பொத்தானும் வேலை செய்த காலத்தில் ஒருமுறை அதைத் திரையில் பார்த்ததும் எனக்கு மூக்கில் வாடையே அடித்தது. ஆகவே நம் கடலுக்கு ஒரு வாய் விட்டு வைக்க வேண்டும். அந்த வாய் தெற்கில் இருந்தது. ஏன் தெற்கில் என்று உங்களுக்கும் தெரியும். தெற்கே கிடந்த பனிநிலத்தை மேலே தூக்கினால்தான் அந்தப் பக்கம் மூடும். அதற்கு மேல்நோக்கிய அம்புக்குறிப் பொத்தான் வேண்டும். அந்தப் பொத்தானில் தலைவர் மகன் கலர் சோடாவைக் கொட்டிவிட்டிருந்தான். சர்க்கரைப் பாகு காய்ந்து, எறும்பு மொய்த்து, அது அமுங்காமல் ஒட்டிக்கொண்டது. எந்தக் கொம்பன் ஆடினாலும் தெற்கு திறந்துதான் இருக்கும். இதில் சாமர்த்தியமும் இல்லை, சாமியும் இல்லை.

ஒருநாள் அம்மா என்னைக் கூட்டிப்போக வந்தாள். ஈரப் புடைவையோடு உள்ளே வரவேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடி அது?"

"உலகம்மா. ரொம்ப வருஷம் கழிச்சி இப்பிடி ஆவும்."

"நம்ம எடம் எங்க கீது?"

நான் திரையில் விரலை வைத்துக் காட்டினேன்.

"தண்ணி காணமே?"

"தண்ணி அப்பால போய்டிச்சி. இங்க மலை."

அம்மா சற்று நேரம் பார்த்தாள். "அப்ப எறா எங்க போவும்?" என்று கேட்டாள். உள்ளே இருந்தவர்கள் சிரித்தீர்கள். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. இன்று யோசித்தால், அந்தக் கொட்டகையில் உருப்படியாகக் கேட்கப்பட்ட ஒரே கேள்வி அதுதான்.

இதற்கிடையில் குப்பத்தில் பஞ்சாயத்து கூடிக்கூடிக் கலைந்துகொண்டிருந்தது. மணல் மேட்டை வெட்டி வாயைத் திறக்க வேண்டும், அதில் சண்டை இல்லை. எங்கே வெட்டுவது என்பதில்தான் இழுபறி. எப்போது அடைபட்டாலும் வடக்கே, பழைய வாய் இருந்த இடத்தில்தான் வெட்டுவார்கள். இந்த முறை அங்கே ஐஸ்காரரின் கட்டடம் நின்றது. மணல் சேர்ந்து மேடான இடத்தை வளைத்து ஐஸ் வீடு கட்டியிருந்தார். எல்லார் மீனும் அவர் ஐஸில்தான் கிடந்தது. அவரை எதிர்த்துப் பேச ஒருவருக்கும் வாய் இல்லை. தெற்கே வெட்டினால் எங்கள் குடிசைகளை ஒட்டி வெட்ட வேண்டும், எங்கள் நல்லதண்ணி ஊற்றும் அங்கேதான். வெளிப்படையாக அதைச் சொல்லவும் கூச்சம். கூச்சம் இருந்தது என்ற அளவில் அவர்களை மெச்சலாம்.

ஐஸ்காரர் ஒரு நாள் தன் பையனைத் தேடிக் கொட்டகைக்கு வந்தார். திரையில் என் உலகம் இருந்தது.

"இன்னாபா இது, நம்ம ஏரி மாதிரியே கீது?" என்றார்.

"ஏரி இல்ல அண்ணாச்சி, நம்ம கடலு. பல கோடி வருஷத்துக்கு அப்பால" என்றார் கம்ப்யூட்டர் அண்ணன்.

"வாய் தெக்கால கீதே."

"ஆமா, தெக்கால."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். அவர் வாயிலிருந்து வெற்றிலைச் சாறு ஒரு சொட்டு என் தோளில் விழுந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மீன் வண்டியில் வைத்துக் கம்ப்யூட்டரைப் பஞ்சாயத்து கூடியிருந்த கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மைக்செட்டுக்கு வந்த ஒயரிலிருந்து கரண்ட். யாரோ மாலை போட்டார்கள், யாரோ பொட்டு வைத்தார்கள். ஒரு கற்பூரமும் காட்டினார்கள், அந்தக் கண்றாவியை என் கண்ணால் பார்த்தேன். ஒரு போட்டோக்காரரும் வந்திருந்தார், அவர் எடுத்த படம்தான் நேற்று வந்தது.

ஐஸ்காரர் பேசினார். "நான் சொல்றதா நெனைக்காதீங்க. படிச்சவன் செஞ்சி வெச்ச மெசினு சொல்லுது. கடலுக்கே வாய் தெக்கால தான் வரும்ன்றப்ப, ஏரி எம்மாத்திரம்?"

கூட்டத்தில் பாதிப்பேருக்கு இது பம்மாத்து என்று தெரியும். நீங்கள் உங்கள் அப்பாக்களை முட்டாள்கள் என்று நினைத்து மன்னித்துவிடாதீர்கள். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எந்தக் காற்று வருகிறது என்று சொல்கிறவர்கள், ஒரு பொம்மைப் படத்தை நம்பிவிட்டார்களா? அவர்களுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது.

என் நைனா கூட்டத்தின் கடைசியில் நின்றார். எங்கள் வரிசை எப்போதும் கடைசியில்தான் நிற்கும். "தலைவரே, தெக்கால வெட்னா எங்க வூடு இன்னா ஆவறது?" என்றார்.

"கையகலம்தான்பா வெட்டப் போறோம். உன் வூடு வரைக்கும் வராது."

அப்போதுதான் நான் முன்னால் போனேன். பயம் இருந்தது, ஆனாலும் போனேன். "ஐயா, அது மெசினு சொல்லல. நான்தான் தள்ளுனேன். மேல் பொத்தான் ஒட்டினுகீது, அதான் தெக்கால மூடல. நல்ல பொத்தான் இருந்தா எங்க வேணா வாய் வரும்" என்றேன்.

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. ஐஸ்காரர் தரையைப் பார்த்தார். ஒரு விநாடி, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "நீதான் தள்ளுனியா? உன் கையாலயா?"

"ஆமா, ஐயா."

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "கேட்டீங்களா? கொழந்த கையில வந்துகீது."

இதைப் படிக்கிற உங்கள் பிள்ளைகளுக்குப் புரியாது, அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஏரியில் யார் எந்த இடத்தில் எந்த நாள் வலை போடுவது என்பதற்குப் பாடு என்று பெயர். வருஷத்துக்கு ஒருமுறை அம்மன் முன்னால் சொம்பில் சீட்டுப் போட்டு, ஒரு குழந்தையைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து எடுக்கச் சொல்வார்கள். குழந்தைக்குச் சூது தெரியாது. அதன் கையில் வருவது அம்மன் கொடுப்பது. அதற்கு மேல் பேச்சு கிடையாது. அண்ணன் தம்பிக்குள் வெட்டுக்குத்து வராமல் எத்தனையோ தலைமுறையாகக் காத்த வழக்கம் அது. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் எங்கள் வரிசைக்குப் பாடு கிடையாது. சொம்பில் எங்களுக்குச் சீட்டு கிடையாது. எங்கள் பிள்ளைகளில் ஒன்றைக்கூட ஒருநாளும் அம்மன் முன்னால் கூப்பிட்டு எடுக்கச் சொன்னது கிடையாது. எங்கள் கையில் சேற்று வாடை அடிக்கும் என்பார்கள். குப்பம் உண்டான நாளிலிருந்து எங்கள் வரிசைப் பிள்ளை ஒன்றின் கையை அம்மன் கை என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். அதுவும் எங்கள் வீட்டை எடுப்பதற்கு.

"பொத்தான் வேலை செய்லீங்கய்யா! இவங்களக் கேளுங்க! எல்லாருக்கும் தெரியும்!" என்று கத்தினேன். நான் கைகாட்டியது உங்களை. உங்கள் அப்பாக்களின் லுங்கியைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். தலைவர் மகன் வாயில் கட்டைவிரலை வைத்துக்கொண்டான், அந்த வயதில். ஒருத்தி தன் சடையை மென்றாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்தீர்கள், ஏனென்றால் அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர், "இங்க பாருங்க பசங்களா" என்றார்.

குழந்தைகள்தானே என்பீர்கள். ஆமாம், குழந்தைகள்தான். நானும் குழந்தைதான்.

பிறகு எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். தலைவருக்குப் பக்கத்தில், சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. ராசியான கை என்று ஒரு தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். நெய்யும் ஏரி வாடையுமாக அது என் தொண்டையில் நின்றது. இன்றுவரை எனக்குச் சர்க்கரைப் பொங்கல் ஆகாது. மார்கழியில் பக்கத்து வீட்டார் கொடுத்தால் வாங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவேன்.

வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வரவேண்டும் என்றார்கள். பாடு என்றால் எங்கள் வீடு கணக்கில் இல்லை. மண்வெட்டி என்றதும் எங்கள் வீடும் வீடாகிவிட்டது. நைனா போனார். பௌர்ணமிக்குக் கடல் ஏறுவதற்கு முன் வெட்டி முடித்தார்கள். தன் வீட்டுச் சுவரைப் பார்த்தபடி அவர் மணலை வாரிப் போட்டதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடல் உள்ளே வந்தபோது எல்லோரும் குலவையிட்டார்கள். ஏரி ஒரு வாரத்தில் தெளிந்தது. எறா வந்தது, நாற்றம் போனது. உங்களுக்கெல்லாம் அந்த வருஷம் அதற்குப் பின்னால்தான் நினைவிருக்கிறது போலும்.

ஐப்பசியில் புயல் அடித்தது. கையகல வாய் ஒரே நாளில் ஓர் ஆற்றின் அகலம் ஆனது. ஊற்று முதலில் உப்பானது, பிறகு அதன் மேலேயே அலை புரண்டது. எங்கள் வரிசை முழுக்கச் சரிந்தது. அம்மாவின் பறி, நைனாவின் இரும்புப் பெட்டி, எங்கள் கோழிக் கூண்டு, எல்லாம். நாங்கள் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. "ஒரு உசுருகூடப் போவல, அம்மன் காப்பாத்திட்டா" என்றார் தலைவர். அந்தச் சொல்லை நினைத்தால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக அருவருக்கிறது. வடக்கே ஐஸ் வீடு நனையக்கூட இல்லை.

நிலம் நகர்வதைக் காண யாருக்கும் ஆயுள் போதாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தோணிரேவில் ஒரு வருஷம், பொன்னேரியில் கொஞ்ச நாள், பிறகு இங்கே. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா என்னோடு இருக்கிறாள். கண் மங்கல், முன்பல் ஒன்றும் இல்லை.

நேற்று நான் கொல்லையிலிருந்து திரும்பி வந்தபோது என் போன் அவள் கையில் இருந்தது. மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "குழுவைவிட்டே வெளியேறப் போறேன், குடு" என்றேன்.

"இருடி. இத்தப் பாரு."

கோயிலுக்குப் பின்னால், படத்தின் வலது ஓரத்தில், உங்கள் தலைகளுக்கு மேலே கூரைகள் தெரிந்தன. மூன்றாவது எங்களுடையது. வாசலில் கொடியில் ஏதோ வெள்ளையாகக் காய்கிறது. நைனாவின் வேட்டி என்கிறாள் அம்மா. அந்த வீட்டை நாங்கள் ஒருநாளும் படம் எடுத்ததில்லை. எங்களிடம் கேமரா ஏது?

"நம்ம வூடுடி" என்றாள். "அழிச்சிடாத."

ஆகவே குழுவில்தான் இருக்கிறேன். தலைவர் மகனே, அந்த நாள் திரும்ப வருமா என்று கேட்டாய். வந்தால் வாயிலிருந்து கட்டைவிரலை எடு. அது முடியாது என்றால் ஒன்று மட்டும் செய். போனில் வந்த படத்தைப் பெரிதாக்கினால் கலங்கிப் போகிறது. அசல் படம் உன் வீட்டில்தான் இருக்கும். அதைக் கொடுத்தனுப்பு. மாலை போட்ட கம்ப்யூட்டரையும் உங்கள் எல்லோரையும் வெட்டி எடுத்துவிட்டு, அந்த மூலையை மட்டும் பெரிதாகப் போட்டு அம்மாவின் கட்டிலுக்கு எதிரே மாட்ட வேண்டும்.